சரித்திரத்தைக் காக்க ஜனங்களை விரட்டுவதா?

திருப்பூரிலிருந்து நொய்யல் கரையோரமாகவே கிழக்கே போனால், சென்னிமலைக்குத் தென்மேற்கே கொடுமணல் என்றொரு சிற்றூர் வரும். ஆற்றின் வடகரை, ஈரோடு மாவட்டம். அந்த ஊர்க் காடுகளின் மண்ணுக்கு அடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தொழில் நகரமே புதைந்து கிடந்தது. 1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பிறகு புதுவைப் பல்கலைக் கழகம், மத்திய தொல்பொருள் இலாகா, தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை என்று பலரும் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. பச்சைக்கல்லையும் சூதுபவளத்தையும் பளிங்கையும் அறுத்து மணியாக்கித் துளையிட்ட பட்டறைகள் வெளிப்பட்டன. சங்கு வளையல் துண்டுகள், பெயர் கீறிய பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டு எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்களின் முடிவு.

அந்தத் தக்களியைச் சுழற்றியது சேர ராஜாவின் கையா? உலையில் கரி கொட்டித் துருத்தி ஊதியது மந்திரியின் மகனா? உழைத்தவன் கைதான் அங்கே மண்ணுக்குள் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்ததும் உழைப்பாளியின் கைதான். அறிஞர்கள் குறித்துக்கொண்டார்கள், மண்வெட்டி பிடித்தவர்கள் சுற்று வட்டாரத்துக் கூலி ஜனங்கள்.

அருள்புரத்தில் ஷிப்டு விட்டு வரும் நேரத்தில், பல்லடம் ரோட்டு டீக்கடையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காங்கயம் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கைமடி வேலை செய்கிற ஒரு பெரியவர் குறுக்கிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தோழர், தோண்டுற பக்கமெல்லாம் பழங்காலம் வருதுங்க. பெருமைதானுங்க. ஆனா நாளைக்கு 'இது சரித்திர பூமி, நீங்க எந்திரிச்சுப் போங்க'ன்னு சர்க்கார் சொன்னா, நாங்க எங்கீங்க போறது?"

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். கொடுமணலில் புல்டோசர் வந்துவிட்டது என்று இங்கே யாரும் பீதி கிளப்பவில்லை. ஆனால் இந்தியாவில் வேறு இடங்களில் வந்தது. 'பாரம்பரியம்' என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. அந்தப் பெரியவரின் பயம் வெறும் பயம் அல்ல.

கர்நாடகத்தில் ஹோஸ்பேட்டுக்குப் பக்கத்தில், துங்கபத்திரைக் கரையில் ஹம்பி இருக்கிறது. விஜயநகர சாம்ராஜ்யத்தின் தலைநகரம். 1565 யுத்தத்துக்குப் பிறகு சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. ஆனால் விரூபாட்சர் கோயில் மட்டும் பூஜை நிற்காமல் தொடர்ந்து நடந்து வருகிறது. கோயிலுக்கு எதிரே கிழக்கு நோக்கி நீளுகிற அகன்ற வீதிதான் ஹம்பிக் கடைவீதி. இருபுறமும் கல் மண்டபங்கள். 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியப் பயணி டோமிங்கோ பாயஸ், விஜயநகரத்தின் அகன்ற வீதிகளையும், அவற்றில் நடந்த வியாபாரத்தையும், வந்து குவிந்த பல தேசத்து ஜனங்களையும் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அது பிறந்ததே கடைவீதியாகத்தான்.

இந்த நூற்றாண்டிலும் அது கடைவீதியாகத்தான் இருந்தது. பழைய மண்டபங்களை ஒட்டியும் அவற்றுக்குள்ளும் ஏழை ஜனங்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்தார்கள். தேங்காய், பூ விற்றார்கள். சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். துணி தைத்தார்கள். வருகிற யாத்ரீகனுக்கு அறை வாடகைக்கு விட்டார்கள், வழி காட்டினார்கள். 1986-ல் யுனெஸ்கோ ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெள்ளைக்காரப் பயணிகள் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதால் கடையும் பெருகியது. தகரக் கொட்டகையும் காங்கிரீட் தளமும் முளைத்தன. மண்டபத்துத் தூண்களுக்கு இடையில் சுவர் எழுப்பியவர்களும் உண்டு. அது சரி என்று நாம் வாதாடவில்லை.

2002-ல் கர்நாடக சர்க்கார் ஹம்பிக்கென்று தனிச் சட்டம் போட்டு ஒரு நிர்வாக ஆணையத்தை அமைத்தது. 29 கிராமங்கள் அதன் அதிகாரத்துக்குள் வந்தன. பரப்பு சுமார் 236 சதுர கிலோமீட்டர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உழுது பயிரிடுகிற கிராமங்கள், வாழைத் தோட்டம், நெல் வயல், கால்வாய், ஆற்றங்கரை எல்லாம் சேர்ந்து ஒரே சரித்திரப் பூங்கா ஆகிவிட்டது. அங்கே பிறந்தவன் தன் வீட்டுக்கு ஒரு அறை கூடுதலாகக் கட்டுவதற்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

2011 ஜூலை 29. அன்று ஹம்பிக் கடைவீதியில் புல்டோசர்கள் இறங்கின. முறையான அவகாசம் இல்லை. ஒரு நாள்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கடையும் வீடும் இடிந்து விழுந்தன. சட்டியும் பாயும் பள்ளிக்கூடப் பையும் தெருவில் கிடந்தன. சுமார் நாலு கிலோமீட்டர் தள்ளி கட்டிராம்புரத்தில் மாற்று மனை தருகிறோம் என்றார்கள். மனையும் வசதியும் வந்து சேர்வதற்குள் வருஷங்கள் ஓடின. மனை கிடைத்தவனுக்கும் பிழைப்பு எங்கே? கோயில் வாசலில் தேங்காய் விற்றவள் நாலு கிலோமீட்டருக்கு அப்பால் பொட்டலில் உட்கார்ந்து யாருக்கு விற்பாள்?

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடைவீதியைக் காப்பாற்றுவதற்காக, நடந்துகொண்டிருந்த கடைவீதியை இடித்தார்கள். இன்று அங்கே காலி மண்டபங்கள் நிற்கின்றன. படம் எடுக்க அழகாக இருக்கிறதாம்!

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஹம்பிக்கு ஆபத்து என்று யுனெஸ்கோ முதலில் அபாயச் சங்கு ஊதியது எதற்காக? பூக்காரிக்காக அல்ல. சர்க்காரே அந்தப் பாதுகாப்பு எல்லைக்குள் ஆற்றின் மேல் தொங்குபாலங்கள் கட்டத் தொடங்கியதற்காக! அதனால்தான் 1999-ல் ஹம்பி 'அபாயத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலில் ஏறியது. 2006-ல்தான் இறங்கியது. ஆனேகுந்திப் பாலம் பிறகு 2009 ஜனவரியில், வேலை நடக்கும்போதே சரிந்து விழுந்து தொழிலாளிகளைப் பலி வாங்கியது. இத்தனைக்கும் எந்த அதிகாரியின் வீட்டு வாசலிலாவது புல்டோசர் நின்றதா? நின்றது தேங்காய்க் கடை வாசலில்.

ஹம்பியோடு கதை முடியவில்லை. 2023 பிப்ரவரியில் டெல்லியில் மெஹ்ரௌலி தொல்பொருள் பூங்கா எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லி டெல்லி வளர்ச்சி ஆணையம் வீடுகளை இடித்தது. பத்திரம் பதிந்து, பாங்குக் கடன் வாங்கி வீடு வாங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். பூங்காவின் எல்லை எது என்பதே தகராறில் இருந்தது. ஹைகோர்ட்டு தலையிட்ட பிறகுதான் இடிப்பு நின்றது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் தேதியிலும் துக்ளகாபாத் கோட்டைக்குள் தொல்பொருள் இலாகா இறங்கி நூற்றுக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. ஆம், மே தினத்தன்றுதான்! குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்தும் பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். நமது அருள்புரம் லைன் வீடுகளில் இன்று அடைந்து கிடக்கும் வடநாட்டுத் தொழிலாளிகளின் உறவினர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கம்போடியாவில் அங்கோர் தொல்பொருள் பூங்காவிலிருந்து சுமார் பத்தாயிரம் குடும்பங்களை வெளியேற்றுவதை ஆம்னஸ்டி ஸ்தாபனம் 2023-ல் அம்பலப்படுத்தியது. 'தாங்களாக விரும்பிப் போகிறார்கள்' என்றது அந்த சர்க்கார். உலகம் முழுதும் ஒரே பாஷைதான்.

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். "பழைய சின்னங்களைப் பாதுகாக்க வேண்டாமா? எல்லோரும் வீடு கட்டிக்கொண்டால் நாளைய சந்ததிக்கு என்ன மிஞ்சும்?" என்கிறார்கள். பாதுகாக்கத்தான் வேண்டும். 1958-ம் வருஷத்துச் சட்டத்தின்படி மத்திய சர்க்கார் பாதுகாக்கும் சின்னங்கள் நாட்டில் 3,600-க்கு மேல் இருக்கின்றன. 2010-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் கட்டலாம் என்று விதித்தார்கள். இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் ரியல் எஸ்டேட் புள்ளிகள் கோபுரத்தின் நிழலிலேயே அடுக்குமாடி எழுப்பியிருப்பார்கள். அதனால் விதியை எடுத்துவிடு என்று நாம் கேட்கவில்லை. ஆனால் ஒழுகும் கூரையை மாற்றவும் மனு, சுவர் விரிசலைப் பூசவும் மனு, மனு மேல் மனு போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடப்பது யார்? பணக்காரனுக்கு வக்கீல் இருக்கிறான். கூலிக்காரனுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது.

சரித்திரத்துக்கு உண்மையான எதிரி யார் என்பதைத் தெரிந்துகொள்ள டெல்லிக்கோ ஹம்பிக்கோ போக வேண்டியதில்லை. மதுரைக்குப் போனால் போதும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் உண்டு. சமண முனிவர் படுத்த குகை உண்டு. தமிழ் பிராமிக் கல்வெட்டு உண்டு. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அந்த அரிட்டாபட்டியையும் உள்ளடக்கி இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பூமியை டங்ஸ்டன் தோண்டுவதற்காக மத்திய சர்க்கார் ஏலம் விட்டது. 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி ஏலத்தை எடுத்தது. மண்டபத்தில் பூ விற்றால் சரித்திரத்துக்கு ஆபத்து. மலையையே வெட்டி எடுத்தால் தேச வளர்ச்சி!

அப்போது மலையைக் காத்தது யார்? தொல்பொருள் இலாகாவா? இல்லை. அந்தக் கிராமங்களில் குடியிருந்த ஜனங்கள்தான். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கில் விவசாயிகளும் பெண்களும் மதுரை நகரத்துக்குள் திரண்டு வந்தார்கள். சட்டசபையும் அதற்கு முன்பே எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருந்தது. ஜனவரி 23-ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. ஜனங்களை வெளியேற்றிவிட்டு வெறும் மலையை மட்டும் வேலி போட்டு வைத்திருந்தால், அன்று டங்ஸ்டன் கம்பெனியைத் தடுக்க அங்கே யார் இருந்திருப்பார்கள்?

கீழடியும் நமக்கு ஒரு பாடம். 2014-ல் தொடங்கிய அகழாய்வு நடந்ததெல்லாம் பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்புகளில். தோப்புக்காரர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கித் தோண்டினார்கள். குழியை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரையும் விரட்டாமலேயே இத்தனையும் தெரிய வந்தது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ஆகவே, விரட்டினால்தான் சரித்திரம் மிஞ்சும் என்பது பச்சைப் பொய்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

1894-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் நிலச் சொந்தக்காரனுக்கு மட்டும் ஏதோ நஷ்டஈடு உண்டு. கூலிக்காரன் கணக்கிலேயே இல்லை. பல போராட்டங்களுக்குப் பிறகு வந்த 2013-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் 2014 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அதில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' யார் என்று சொல்லும் இடத்தை நமது விவசாயத் தொழிலாளிகள் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சொந்த நிலம் இல்லாதவனும், அந்த நிலத்தை நம்பி மூன்று வருஷமாகப் பிழைத்து வந்த விவசாயக் கூலியும் குத்தகைக்காரனும் கைவினைஞனும் அதில் வருகிறான். வீட்டை இழந்தால் வீடு. மனையே இல்லாமல் மூன்று வருஷம் தொடர்ந்து குடியிருந்தவனுக்கும் அது உண்டு. வேலை, அல்லது ஒரே தவணையில் ஐந்து லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் இருபது வருஷம். இதில் ஒன்றைக் கேட்கலாம். குடிபெயரும் செலவுக்கு 50,000. சிறு வியாபாரிக்குக் குறைந்தது 25,000.

ஆனால் ஒரு வில்லங்கம். இந்தச் சட்டத்தின் நாலாவது அட்டவணையில் பதின்மூன்று மத்தியச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பதே பழஞ்சின்னங்கள் பற்றிய 1958-ம் வருஷத்துச் சட்டம்! பிறகு 2015 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு, நஷ்டஈடு, மறுவாழ்வு விதிகள் இந்தப் பதின்மூன்றுக்கும் பொருந்தும் என்றது. ஆகவே பணமும் வீடும் கேட்க உரிமை உண்டு. ஆனால் நிலம் எடுக்கும் முன்னால் ஊரைக் கூட்டி, இதனால் யார் யார் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று விசாரிக்கும் சமூகப் பாதிப்பு ஆய்வு அந்த உத்தரவில் இல்லை. பணத்தைக் கொடுப்பார்களாம், வாயைத் திறக்க விடமாட்டார்களாம்.

இதைவிடப் பெரிய தந்திரம் வேறொன்று. ஹம்பியிலும் துக்ளகாபாத்திலும் சர்க்கார் 'ஆர்ஜிதம்' என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை. 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்றது. வார்த்தை மாறினால் சட்டமும் மாறிவிடுகிறது. 'குடியிருப்போர்' என்றால் வீடு, மறுவாழ்வு, இருபது வருஷப் பணம். 'ஆக்கிரமிப்பாளர்' என்றால் ஒரு நோட்டீஸ், ஒரு புல்டோசர். மனிதன் அதே மனிதன்தான். முப்பது வருஷமாக அவனிடம் ஓட்டு வாங்கினார்களே, அப்போது அவன் ஆக்கிரமிப்பாளன் என்று எவனாவது சொன்னானா?

கோர்ட்டையும் முழுதாக நம்பி உட்கார முடியாது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மகத்தான தீர்ப்புதான். ஆனால் அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்த பிறகு குடிசைகளை அகற்றவும் வழி விட்டது. 2024 நவம்பர் 13-ந் தேதி, பதினைந்து நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்தக் கட்டிடத்தையும் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ரோடு, ரயில் பாதை, ஆற்றோரம் போன்ற பொது இடங்களுக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்ன இடங்களுக்கும் அது பொருந்தாது என்றார்கள். ஏழை வேறு எங்கே குடியிருக்கிறான்? ஆற்றோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும்தானே! 2025 ஜூன் முதல் தேதி டெல்லி ஜங்புராவில் நமது தமிழ் ஜனங்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த மதராஸி காம்ப், பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்ததால் ஹைகோர்ட்டு உத்தரவுப்படியே இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்றார்கள். அதுவும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் காலையில் வேலைக்கு வர எத்தனை பஸ் ஏற வேண்டும்?

நொய்யல் கரை விவசாயிகளுக்கு நஷ்டஈட்டுக் கதை புதிதல்ல. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் தேங்கியதும், பாழான நிலத்துக்குப் பணம் கேட்டுக் கோர்ட்டு வாசலில் வருஷக் கணக்கில் நின்றதும் அவர்களுக்கு மறந்திருக்காது. அந்தப் பணமும் பட்டா உள்ளவன் கைக்குத்தான் போயிற்று. அதே நிலத்தில் களை எடுத்த பெண்ணுக்கு எந்தப் பட்டியலில் இடம் இருந்தது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சரித்திர பூமி என்று எந்த இடத்தை அறிவித்தாலும், அங்கே மூன்று வருஷம் குடியிருந்த ஒவ்வொருவரையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியிருப்போர் என்றே கணக்கெடுக்க வேண்டும். எல்லையை அளக்கும்போது ஊர் ஜனங்கள் முன்னிலையில் அளந்து, வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி ஆபீசில் ஒட்ட வேண்டும். சமூகப் பாதிப்பு ஆய்வுக்குத் தொல்பொருள் சட்டத்துக்குக் கொடுத்த விலக்கை ரத்து செய்ய வேண்டும். அருங்காட்சியகமோ பூங்காவோ வந்தால், காவலும் தோட்ட வேலையும் கடையும் அந்த ஊர்க்காரர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு, மண்வெட்டி பிடித்தவனை வெளியே நிறுத்தக் கூடாது.

சர்க்கார் தானாக இதைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். ஊராட்சியில் கிராம சபை கூடும்போது விவசாயத் தொழிலாளர்கள் போய் உட்கார்ந்து, குடியிருப்போர் பட்டியலைத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, கரண்டு பில், வீட்டு வரி ரசீது, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எதுவானாலும் தேதி போட்ட காகிதமாக இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். மூன்று வருஷம் என்று சட்டம் கேட்கும்போது காட்ட நம்மிடம் இருப்பது அதுதான். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வடநாட்டுத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு வாடகை ரசீது கொடுக்கும் வழக்கமே இங்கே இல்லை. டீக்கடையில் கேள்வி கேட்ட பெரியவரிடம் அன்றிரவே விசாரித்தோம். அவர் பெயரில் இருந்த ஒரே காகிதம் ரேஷன் கார்டு. அதுவும் பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன அவருடைய அண்ணன் விலாசத்தில் இருந்தது. அதை மாற்றுவதற்கான மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.